பந்து ஏன் இடப்பக்கம் வளைந்தது?

மாணவர்களே, இந்த வாரக் கட்டுரையை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளியில் கோல்ஃப் விளையாடும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பா ஒரு கோல்ஃப் திடலில் புல்தரையைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். எட்டு வயதில் அவரோடு திடலுக்குப் போய், யாரோ கொடுத்த பழைய மட்டையால் அடித்துப் பழகியவள் அவள். 72 அடிகளில் முடிக்க வேண்டிய 18 குழிகளைப் படிவம் நான்கில் இருக்கும்போதே 76, 77 அடிகளில் முடித்துவிடுவாள். அந்த வயதுக்கு அது மிக நல்ல ஆட்டம்.

சென்ற ஆண்டு, மாநிலப் பள்ளி அணிக்கான தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது அவளுடைய பந்துகள் வளையத் தொடங்கின. இலக்கை நோக்கி நேராகத்தான் புறப்படும். பாதித் தூரம் போனதும் இடப்பக்கம் திரும்பிவிடும். 130 மீட்டர் தூரத்திற்கு அடித்தால் இலக்கிலிருந்து 15 மீட்டர் தள்ளிப் போய் விழும். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து இப்படி இடப்பக்கம் வளைவதை ‘ஹூக்’ என்பார்கள். வலப்பக்கம் வளைந்தால் ‘ஸ்லைஸ்’.

பள்ளி கோல்ஃப் குழுவுக்குப் பொறுப்பாசிரியர் நான். நன்றாக விளையாட வராது; ஆனால் ஒரு பழைய பயிற்சி நூலைப் படித்திருந்தேன். மட்டை எந்தப் பாதையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து புறப்படும். மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பிறகு வளையும் என்று அதில் இருந்தது. அப்படியானால் விடை எளிது. பந்து நேராகப் புறப்படுகிறது, ஆகவே பாதை சரி. இடப்பக்கம் வளைகிறது, ஆகவே மட்டையின் முகம் இடப்பக்கம் மூடியிருக்கிறது.

“முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திறந்து பிடிம்மா, சரியாயிடும்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து நின்றாள். “சார், நீங்க சொன்ன மாதிரிதான் அடிக்கிறேன். இப்ப வலப்பக்கம் போகுது, திரும்பி வரவே மாட்டேங்குது. பயந்து கையைத் திருப்பினா மறுபடியும் இடப்பக்கம் வளையுது.”

ஒரு பிழை இருந்த இடத்தில் இப்போது இரண்டு. தேர்வு நாளில் அவள் 85 அடிகள் எடுத்தாள். அணியில் இடம் கிடைக்கவில்லை.

என் விளக்கம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. அது எங்கே தவறியது?

அரை மில்லிவினாடிக் கதை

கோல்ஃப் பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 0.0005 வினாடிதான். ஒரு மில்லிவினாடியில் பாதி. பந்து போகும் திசை, வேகம், சுழற்சி எல்லாமே அந்த நேரத்திற்குள் முடிவாகிவிடுகின்றன.

அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய விசை செயல்படுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பந்தின் பொருண்மை ஏறக்குறைய 0.046 கிலோகிராம். என் மாணவியின் 7-ஆம் எண் அயர்ன் மட்டை பட்டதும் அது வினாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. உந்த மாற்றம் 0.046 × 44, அதாவது ஏறக்குறைய 2 கிலோகிராம் மீட்டர்/வினாடி. இதை 0.0005 வினாடியால் வகுத்தால் சராசரி விசை 4,000 நியூட்டன். 400 கிலோகிராம் பொருளின் எடைக்கு அது சமம். பதினாறு வயதுப் பெண்ணின் கையில் இருக்கும் மெல்லிய மட்டை அத்தனை விசையைத் தருகிறது!

மட்டையை மேலிருந்து கீழே கொண்டுவர ஏறக்குறைய கால் வினாடி ஆகும். கண்ணால் ஒன்றைப் பார்த்து, கை அதற்கு ஏற்ப அசையவே ஏறக்குறைய 0.2 வினாடி தேவை. ஆகவே மட்டை பாதி வழி வந்த பிறகு, ‘ஐயோ, தவறாக வருகிறதே’ என்று பார்த்துத் திருத்துவதற்கு நேரமே இல்லை.

“கைப்பேசியில் காணொளி எடுத்திருக்கலாமே, சார்?” என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தோம். மெதுவோட்டக் காணொளியில் கைப்பேசி வினாடிக்கு 240 படங்கள் எடுக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையே 0.0042 வினாடி. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தைப் போல் இது எட்டு மடங்கு. அந்த இடைவெளியில் அவளுடைய மட்டையின் தலை ஏறக்குறைய 14 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். உடல் எப்படி அசைகிறது என்பதைக் காணொளி தெளிவாகக் காட்டும். பந்தைத் தொட்ட கணத்தில் முகம் எத்தனை பாகை திரும்பியிருந்தது என்பதைக் காட்டாது.

முகமா, பாதையா?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை தந்தவற்றுள் ஒன்று ரேடார் கருவி. டென்மார்க்கில் 2003-இல் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனம் இத்தகைய கருவிகளைச் செய்கிறது. சாலையில் வாகனத்தின் வேகத்தை அளக்கும் ரேடாரைப் போல இதுவும் டாப்ளர் விளைவைப் பயன்படுத்துகிறது. நகரும் பொருளின் மீது பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு மட்டையும் பந்தும் எப்படிப் போகின்றன என்று கணக்கிடலாம்.

இத்தகைய அளவீடுகள் என் பழைய நூலைத் தலைகீழாக்கிவிட்டன. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம்தான். அயர்ன் மட்டைகளில் ஏறக்குறைய 75 விழுக்காடு முகம், 25 விழுக்காடு பாதை. நீண்ட தூரத்திற்கு அடிக்கும் டிரைவர் மட்டையில் முகத்தின் பங்கு ஏறக்குறைய 85 விழுக்காடு.

இயற்பியல் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மோதலின்போது முகம் பந்தைத் தனக்குச் செங்குத்தான திசையில் தள்ளுகிறது. முகத்தின் வழியே பந்தை இழுப்பது உராய்வு மட்டுமே. செங்குத்து விசை பெரிது, உராய்வு விசை சிறிது. ஆகவே முகம் பார்க்கும் பக்கமே பந்து புறப்படுகிறது.

அப்படியானால் வளைவு எதிலிருந்து வருகிறது? முகமும் பாதையும் ஒரே திசையில் இல்லாதபோது வருகிறது. பாதைக்கு இடப்பக்கமாக முகம் பார்த்தால் பந்து இடப்பக்கம் வளையும். வலப்பக்கமாகப் பார்த்தால் வலப்பக்கம் வளையும். இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் பெரிதானால் வளைவும் பெரிதாகும்.

காற்றில் சாயும் பந்து

மட்டையின் முகம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கோல்ஃப் பந்து எப்போதும் பின்னோக்கிச் சுழன்றபடியே பறக்கிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிவியலாளர் மேக்னஸ் பெயரால் இதை மேக்னஸ் விளைவு என்கிறோம்.

முகமும் பாதையும் வேறுபட்டால் பந்தின் சுழற்சி அச்சு சாய்ந்துவிடும். திரும்பும்போது இறக்கையைச் சாய்க்கும் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தள்ளிய விசையின் ஒரு பகுதி இப்போது பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்பந்தில் தடுப்புச் சுவரைச் சுற்றி வளைந்து போகும் ‘ஃப்ரீ கிக்’ பந்துக்கும் இதே காரணம்தான்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு செய்தி. 1848-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்தை ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பாலால் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே மலாய் மொழியிலிருந்து போனது. நம் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தாபான் மரத்தின் பால் அது. வழவழப்பான புதிய பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். சொரசொரப்பான மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று சற்றுத் தாமதமாகவே விலகுகிறது. அதனால் பந்துக்குப் பின்னால் உண்டாகும் காற்றுக் கலக்கம் குறைந்து தடையும் குறைகிறது. இன்றைய பந்தில் நூற்றுக்கணக்கான சிறு குழிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். குறை என்று எறிந்திருக்க வேண்டிய கீறல் நிறையாக மாறிய கதை!

மறுபடியும் முதலிலிருந்து

தேர்வு முடிந்த பிறகு அவளை அழைத்துக்கொண்டு, ரேடார் கருவி இருந்த ஒரு பயிற்சித் திடலுக்குப் போனேன். அங்கிருந்த பயிற்றுநர், நான் சொன்ன திருத்தத்தை விட்டுவிட்டுப் பழையபடியே அடிக்கச் சொன்னார். பத்துப் பந்துகளின் சராசரியைக் குறித்தோம். மட்டையின் முகம் இலக்குக்கு 2 பாகை இடப்பக்கம். பாதையோ 6 பாகை வலப்பக்கம்!

கணக்கிட்டுப் பாருங்கள். வலப்பக்கத்தை நேர் எண்ணாகவும் இடப்பக்கத்தை எதிர் எண்ணாகவும் வைத்துக்கொள்வோம். புறப்படும் திசை = 0.75 × (−2) + 0.25 × 6 = 0. பந்து நேராகப் புறப்பட்டதற்குக் காரணம் பாதை நேராக இருந்தது அன்று. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டியிருந்தன. ஆனால் முகத்துக்கும் பாதைக்கும் இடையே 8 பாகை வேறுபாடு. அதனால்தான் அவ்வளவு பெரிய வளைவு.

நான் முகத்தைத் திறக்கச் சொன்னேன். அது 4 பாகை வலப்பக்கம் வந்தது. புறப்படும் திசை = 0.75 × 4 + 0.25 × 6 = 4.5 பாகை வலப்பக்கம். 130 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 10 மீட்டர் விலகல். வேறுபாடு இப்போது 2 பாகை மட்டுமே. எனவே பந்து திரும்பி வரவும் இல்லை. அவள் என்னிடம் சொன்னது அத்தனையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அவள் சரியாகத்தான் உற்றறிந்தாள். தவறாக ஊகித்தவன் நான்.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

பாதை ஏன் 6 பாகை வலப்பக்கம் போனது? பயிற்றுநருக்கு இரண்டு ஐயங்கள் இருந்தன.

முதலாவது, பந்து வைக்கும் இடம். மேலிருந்து பார்த்தால் மட்டையின் தலை ஒரு வட்ட வில்லில் நகர்கிறது. வில்லின் முற்பகுதியில் அது வெளிநோக்கி, அதாவது வலப்பக்கமாகப் போகும். நடுவில் இலக்கை நோக்கிப் போகும். பிறகு உள்நோக்கி இடப்பக்கம் திரும்பும். கணிதத்தில் படித்த தொடுகோட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளியில் பந்து இருக்கிறதோ அந்தப் புள்ளியின் தொடுகோடுதான் பாதை. அவள் தன்னை அறியாமலே பந்தை வலக்காலின் பக்கம் இரண்டு பந்து அகலம் தள்ளி வைத்திருந்தாள்.

இரண்டாவது, உடல் அசையும் வரிசை. நல்ல வீச்சு ஒரு சாட்டையைப் போன்றது. முதலில் இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கைகள், கடைசியில் மட்டை. ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுக்கிறது. ஓர் ஆண்டில் அவள் 7 செண்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். கால்களும் வலுப்பெற்றிருந்தன. இடுப்பு முன்பைவிட வேகமாகச் சுழன்றது, கைகள் பின்தங்கின. பின்தங்கிய மட்டை உடலுக்குப் பின்னாலிருந்து வந்து வெளிப்பக்கம் பாய்ந்தது. பந்து வலப்பக்கம் போய்விடாதபடி கடைசி நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பி முகத்தை மூட அவள் பழகியிருந்தாள். அவளுடைய திறமையே பிழையை மறைத்து வைத்திருந்தது. புதிதாகக் கற்பவரின் பிழை உடனே தெரியும். திறமையானவரின் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தியிருந்தால் எது பலன் தந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன் படித்தது நினைவிருக்கிறதா? தற்சார்பு மாறி ஒன்று. மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். முதல் சோதனையில் பந்தின் இடத்தை மட்டும் மாற்றினோம். பத்துப் பந்துகள். பாதை 6 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறங்கியது. மீதிக்குக் காரணம் உடல் அசையும் வரிசைதான் என்று இப்போது துணிந்து சொல்ல முடிந்தது.

வரிசையைத் திருத்த இரண்டு பயிற்சிகள் கொடுத்தார். மட்டையை மேலே உயர்த்தியதும் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு மெதுவாக அடிக்க வேண்டும். பந்துக்கு ஓரடி பின்னால், அவள் நிற்கும் பக்கமாக ஒரு காலி அட்டைப்பெட்டி இருக்கும். மட்டை உடலுக்குப் பின்னாலிருந்து வந்தால் பெட்டியில் இடிக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

சரியானது ஏன் தவறாகத் தோன்றுகிறது?

பாதை முதன்முதலாக நேரானபோது அவள், “சார், ரொம்ப இடப்பக்கம் வீசுற மாதிரி இருக்கு” என்றாள். கருவியோ ஏறக்குறைய சுழியம் என்று காட்டியது. பல்லாயிரம் முறை செய்த அசைவை மூளை ‘நேர்’ என்று பதிந்து வைத்திருக்கிறது. உண்மையான நேர் அதற்குக் கோணலாகத் தெரிகிறது. சிறுமூளை தன் எதிர்பார்ப்பையும் கிடைத்த விளைவையும் ஒப்பிட்டுப் புதிய பதிவை உருவாக்குகிறது. அதற்கு நாள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் முன்பைவிட மோசமாகும்.

உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வந்தார். 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் 21 வயது டைகர் வூட்ஸ் 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். பிறகு தம்முடைய வீச்சின் காணொளியைப் பார்த்தார். வெற்றி பெற்ற அந்த வீச்சில் குறைகள் இருந்தன. மட்டையின் முகம் மூடியிருந்தது. வேகமாகச் சுழலும் இடுப்புக்குப் பின்னால் கைகள் தங்கின. எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் கைகள் ஈடுகட்டின. பயிற்றுநர் புட்ச் ஹார்மனோடு சேர்ந்து வீச்சை மாற்றி அமைக்கத் தொடங்கினார். 1998-இல் பி.ஜி.ஏ. சுற்றில் அவருக்கு ஒரே ஒரு வெற்றிதான். ‘வென்ற வீச்சை ஏன் கெடுத்துக்கொள்கிறார்?’ என்று பலர் கேட்டார்கள். 1999-இல் எட்டு வெற்றிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் நம் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் அவருடைய அமெரிக்க அணி வென்றது. 2000-இல் ஒன்பது வெற்றிகள்; அவற்றுள் அமெரிக்கப் பொதுப் போட்டியில் 15 அடிகள் வித்தியாசம்.

இதனால் எல்லாரும் ஒரே மாதிரி வீச வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம் ஃபியூரிக்கின் வீச்சு பார்ப்பதற்கு விசித்திரமாக வளைந்து நெளியும். ஆனால் அவர் 2003-இல் அமெரிக்கப் பொதுப் போட்டியை வென்றார், 2016-இல் பி.ஜி.ஏ. சுற்றில் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பந்துக்கு அழகு தெரியாது. அந்த அரை மில்லிவினாடியில் முகமும் பாதையும் எப்படி இருந்தன என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

என் மாணவியிடம், “தப்பு என்னோடதும்மா” என்று சொன்னேன். “பரவாயில்லை சார், அடுத்த தடவை அளந்துட்டுச் சொல்லுங்க” என்றாள். எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு அவளுடைய பாதை 1 முதல் 2 பாகை வரை வலப்பக்கம் நின்றது. பந்து இன்னும் சில மீட்டர் இடப்பக்கம் வளைகிறது. எப்போதும் அதே அளவு வளைவதால் அதற்கேற்பக் குறிவைத்துக்கொள்கிறாள். இப்போது படிவம் ஐந்து. அவளுடைய பையில் ஒரு சிறிய குறிப்பேடு இருக்கிறது. அதில் இரண்டே கட்டங்கள்: ‘எங்கே புறப்பட்டது?’, ‘எந்தப் பக்கம் வளைந்தது?’ இந்த ஆண்டுத் தேர்வு அடுத்த மாதம்.

நீங்களும் செய்து பாருங்கள்

தேவையான பொருள்கள்: மேசைப்பந்து ஒன்று, கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம், ஒட்டுநாடா, பாகைமானி.

1. வழவழப்பான தரையில் ஒட்டுநாடாவால் 2 மீட்டர் நேர்க்கோடு ஒட்டுங்கள். அதன் தொடக்கத்தில் பந்தை வையுங்கள்.

2. புத்தகத்தின் அட்டையைக் கோட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டின் வழியே நகர்த்திப் பந்தைத் தட்டுங்கள். பந்து போகும் திசையைக் குறியுங்கள்.

3. இப்போது புத்தகத்தை 20 பாகை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கையை மட்டும் பழையபடி கோட்டின் வழியே நேராக நகர்த்துங்கள். பத்து முறை தட்டிச் சராசரி காணுங்கள்.

4. அடுத்து, அட்டை நேராக இருக்கட்டும். கையை 20 பாகை வலப்பக்கமாக நகர்த்துங்கள். மீண்டும் பத்து முறை.

எந்தச் சோதனையில் பந்து அதிகம் திசைமாறியது? ஒவ்வொரு சோதனையிலும் தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது? தட்டுவதற்கு முன்பே உங்கள் கருதுகோளை எழுதி வைத்துவிடுங்கள். தவறாகப் போனாலும் அழிக்காதீர்கள்.